கொழும்பில் மூளைக் கட்டிக்கு எந்த டொக்டரைப் பார்ப்பது?

நீங்கள் கேட்டிருப்பது மூன்று விஷயம்: கொழும்பில் நியூரோ ஒன்கொலொஜிஸ்ட், அதாவது மூளைக் கட்டிகளுக்கென்றே தனியான புற்றுநோய் நிபுணர், என்று யாராவது இருக்கிறார்களா, அவர்கள் மற்றப் புற்றுநோய் வைத்தியர்களைவிட என்ன கூடுதலாகப் படித்தவர்கள், அப்பாவைச் சென்னைக்குக் கொண்டுபோவது நல்லதா. அப்பாவுக்கு வயது 61. இடது நெற்றிப்பொட்டுப் பக்கம் இருந்த கட்டியை எடுத்து இரண்டு கிழமை ஆகிறது. பயொப்சி ரிப்போர்ட்டில் கிளையோபிளாஸ்டோமா (வேகமாக வளரும் மூளைப் புற்றுநோய்), தரம் 4 என்று இருக்கிறது. லண்டனில் இருக்கும் உங்கள் மாமா "அதுக்கென்றே தனி ஸ்பெஷலிஸ்ட் இருப்பார், அவரைத் தேடுங்கோ" என்கிறார். எல்லாவற்றையும் சேர்த்து வாசித்தால், ஒப்பரேஷன் செய்தவர் "இனி மஹரகமவுக்குப் போங்கோ" என்று அங்குள்ள புற்றுநோய் ஆஸ்பத்திரியைக் காட்டிவிட்ட பிறகு அப்பாவை முழுசாகப் பொறுப்பெடுப்பது யார் என்பதுதான் உங்கள் கேள்வி என்று எனக்குப் படுகிறது. நான் கொழும்பில் பல வருடமாக மூளைக் கட்டி நோயாளிகளையும் பார்த்து வரும் புற்றுநோய் வைத்தியர். பயிற்சிக் காலத்தில் இங்கிலாந்தில் ஒரு மூளைக் கட்டிப் பிரிவில் வேலை செய்திருக்கிறேன். அப்பாவின் ஸ்கேனை நான் பார்க்கவில்லை என்பதால் அவருக்கு இதுதான் சரி என்று இங்கே தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அவரைப் பார்க்கும் டொக்டர்களிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதைச் சொல்லலாம்.

மாமா சொல்வதில் பிழையில்லை. அமெரிக்காவில் இது தனித் துறை. அங்கே பெரும்பாலும் நான்கு வருடம் நரம்பியல் பயிற்சி முடித்த ஒருவர், அதற்கு மேல் ஒன்றிரண்டு வருடம் மூளைக் கட்டிகளை மட்டும் படித்து, பரீட்சையும் எழுதிவிட்டு இந்தப் பெயரோடு வெளியே வருவார். பொதுப் புற்றுநோய் மருத்துவம் படித்துவிட்டு இந்தப் பக்கம் வருபவர்களும் உண்டு. பிரிட்டனில் ஏற்பாடு வேறு மாதிரி. அங்கே கதிர்ச் சிகிச்சையையும் கீமோவையும் ஒரே ஆளே கொடுப்பார், அவரைக் கிளினிக்கல் ஒன்கொலொஜிஸ்ட் என்பார்கள். அவர்களில் சிலர் மூளைப் பக்கம் சாய்ந்து அதிலேயே தேர்ச்சி பெறுவார்கள். எங்கள் நாடு பின்பற்றுவது இந்த இரண்டாவது வழியை. ஆகவே பெயர்ப்பலகையில் ‘நியூரோ ஒன்கொலொஜிஸ்ட்’ என்று இருப்பவரைத் தேடிச் சனல் பண்ண (காசு கட்டி நேரம் பதிய) அலைய வேண்டாம். நியூரோ சத்திரசிகிச்சை நிபுணர், கிளினிக்கல் ஒன்கொலொஜிஸ்ட், நரம்பியல் நிபுணர், கட்டியை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் பெதொலொஜிஸ்ட் என்று அந்த ஒரு ஆளின் வேலையை இங்கே நாலு பேர் பிரித்துச் செய்கிறார்கள்.

படிப்பையும் கேட்டிருந்தீர்கள். எம்பிபிஎஸ் ஐந்து வருடம், பயிற்சி வைத்தியராக ஒரு வருடம், பிறகு கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் தெரிவுப் பரீட்சை, எம்டி, சீனியர் ரெஜிஸ்ட்ரார் காலம், வெளிநாட்டுப் பயிற்சி. உயர்தரம் முடித்த பிள்ளை கன்சல்டன்ட் ஆகும்போது முப்பதைத் தாண்டிச் சில வருடம் ஆகியிருக்கும். இதற்குள் மார்பகம், நுரையீரல், வாய், கருப்பை வாசல் என்று எல்லாப் புற்றுநோயையும் பார்த்தாக வேண்டும். மூளைக்குக் கிடைக்கும் பங்கு சிறிது. மிச்சம் ஆளைப் பொறுத்தது. எத்தனை நோயாளிகளைக் கையில் எடுக்கிறார், யாரோடு உட்கார்ந்து ஸ்கேன் பார்க்கிறார் என்பதில் இருக்கிறது அது. வெளிநாட்டில் நான் பார்த்ததில் எனக்கு மிகவும் பிரயோசனமாக இருந்தது அங்கிருந்த மெஷின்களைவிட அவர்களுடைய வாராந்தக் கூட்டம்தான். ஒரே அறையில் எல்லாத் துறையும் உட்கார்ந்து ஒரு நோயாளியின் படத்தைத் திரையில் போட்டு, "இதை இன்னும் எடுக்கலாமா, எடுத்தால் பேச்சுப் போகுமா" என்று வாதாடுவார்கள். கொழும்பிலும் இப்படிக் கூடும் இடங்கள் உண்டு. "அப்பாவின் கேஸ் எல்லா டொக்டரும் சேர்ந்து பார்க்கும் கூட்டத்தில் பேசப்பட்டதா?" என்று கேளுங்கள். எந்த டொக்டரும் இதற்குக் கோபிக்கக் கூடாது.

மூளையைப் பார்ப்பதில் உள்ள வித்தியாசம் எங்கே வருகிறது என்று ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். இடது பொட்டுப் பக்கம் பெரும்பாலானோருக்குப் பேச்சும் மொழியும் இருக்கும் இடம். கிளினிக்கில் நான் என் கைக்கடிகாரத்தைக் காட்டி இது என்ன என்று கேட்பேன். கடிகாரம் என்று சரியாகச் சொல்வார்கள். பட்டியைத் தொட்டுக் காட்டினால் "அது... இந்த... கையில கட்டுறது" என்று தடுமாறுவார்கள். பக்கத்தில் இருக்கும் மனைவி உடனே பதிலைச் சொல்லிவிடுவார், நான் கையைக் காட்டி நிறுத்த வேண்டியிருக்கும். இந்தத் தடுமாற்றம் எந்த இரத்தப் பரிசோதனையிலும் வராது. இன்னொன்று, இதைத் தமிழில் கேட்க வேண்டும். ஹட்டனிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வரும் ஒருவரிடம் சிங்களத்தில் கேட்டுவிட்டு "பேச்சுப் பாதிக்கப்பட்டிருக்கிறது" என்று எழுதினால் அது கட்டியின் வேலையா, மொழி தெரியாததா என்று யாருக்கும் தெரியாது. சிங்களம் சரளமாகப் பேசும் கொழும்புத் தமிழருக்குக்கூட நோய் வந்தபின் இரண்டாவது மொழி முதலில் தடுமாறலாம். ஆகவே ஒவ்வொரு தடவையும் தமிழ் பேசும் ஒருவர் கூடப் போங்கள், அப்பாவின் பேச்சில் கடைசியாக என்ன மாறியது என்பதைத் திகதி போட்டு ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். எனக்கு அந்தக் கொப்பி சில ஸ்கேன்களைவிட அதிகம் சொல்லும்.

அடுத்தது ரிப்போர்ட். கிளையோபிளாஸ்டோமா என்ற பெயர் இப்போது மைக்ரோஸ்கோப்பில் பார்த்ததை மட்டும் வைத்து முடிவாவதில்லை. 2021இல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்படுத்தலின்படி, ஐடிஹெச் என்ற மரபணுவில் மாற்றம் இல்லாத கட்டிக்குத்தான் அந்தப் பெயர். மாற்றம் இருந்தால் அது அஸ்ட்ரோசைட்டோமா, தரம் 4 ஆனாலும் போக்கு ஓரளவு மெதுவானது. 61 வயதில் மாற்றம் இருப்பது அரிது, ஆனாலும் பார்த்திருக்க வேண்டும். இரண்டாவது எம்ஜிஎம்டி மெதிலேஷன். கீமோ மருந்தினால் ஏற்படும் சேதத்தைக் கட்டி தானே திருத்திக்கொள்ளும் ஒரு வழி உண்டு. மெதிலேஷன் இருந்தால் அந்த வழி மூடியிருக்கும், மருந்து நன்றாகப் பிடிக்கும்; இல்லையென்றால் வழி திறந்திருக்கும், குறைவாகப் பிடிக்கும். இந்தப் பரிசோதனைகள் ரிப்போர்ட்டில் இல்லையென்றால், எடுத்த கட்டியின் மெழுகுத் துண்டு ஆய்வுகூடத்தில் பத்திரமாக இருக்கிறதா என்று கேளுங்கள். பிளொக் என்றால் அவர்களுக்கு விளங்கும். அது இருந்தால் பரிசோதனையை வெளியே அனுப்பியும் செய்யலாம், இன்னொரு நிபுணரிடம் இரண்டாவது அபிப்பிராயமும் கேட்கலாம். முடிவு வரும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

சிகிச்சையில் நிச்சயமானது என்று சொல்லக்கூடியது இது. 2005இல் ஐரோப்பாவும் கனடாவும் சேர்ந்து 573 நோயாளிகளில் செய்த ஆய்வு வெளியானது. கதிர்ச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் 12.1 மாதத்தைத் தாண்டினார்கள். கதிரோடு டெமோசோலமைட் என்ற கீமோ குளிசையும் பெற்றவர்களில் அது 14.6 மாதம். இரண்டரை மாதம்தானே என்று தோன்றும். ஆனால் இரண்டு வருடம் கடந்தவர்களைப் பாருங்கள்: 10.4 வீதத்திலிருந்து 26.5 வீதமாக உயர்ந்தது. ஐந்து வருடத்தில் 1.9 வீதம் 9.8 வீதமானது. மருந்தோடு எம்ஜிஎம்டி மெதிலேஷனும் இருந்தவர்களில் நடுப்புள்ளி (பாதிப் பேர் தாண்டிய காலம்) 21.7 மாதம், மெதிலேஷன் இல்லாதவர்களில் 12.7. அந்த ஆய்வில் இருந்தவர்கள் 70 வயதுக்குட்பட்டவர்கள், ஓரளவு நடமாடக் கூடியவர்கள், ஆகவே உங்கள் அப்பாவுக்கு இந்த இலக்கங்கள் பொருந்தக்கூடும். இவை ஒரு கூட்டத்தைப் பற்றிய இலக்கங்கள். அப்பா அதில் எந்த இடத்தில் நிற்பார் என்று எனக்கும் தெரியாது, உங்களிடம் மாதக் கணக்குச் சொல்பவருக்கும் தெரியாது. கட்டி எவ்வளவு எடுக்கப்பட்டது, அவர் இப்போது தன் வேலையைத் தானே செய்கிறாரா, இந்த மரபணு முடிவுகள் — இவை சேர்ந்து ஒரு திசையைக் காட்டும், அவ்வளவுதான்.

நடைமுறையில் அது எப்படி இருக்கும் என்றால், ஒப்பரேஷன் காயம் ஆறி நான்கிலிருந்து ஆறு கிழமைக்குள் தொடங்கப் பார்ப்பார்கள். முதல் நாள் கதிர் கிடையாது, முகமூடி செய்வார்கள். சுடுதண்ணீரில் போட்டு எடுத்த பிளாஸ்டிக் வலைத் தகட்டை முகத்தின் மேல் இழுத்து அழுத்துவார்கள், சில நிமிடத்தில் அது இறுகி முகத்தின் அச்சாகிவிடும். ஈரமாக, இளஞ்சூடாக இருக்கும், மூச்சு விடலாம். அப்பாவுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், சொல்லாமல் போனால் பயந்துவிடுவார். அதன் பிறகு நாங்கள் ஸ்கேனில் கட்டி இருந்த இடத்தையும் அதைச் சுற்றி ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டரையும் கோடு போட்டு வரைவோம். கண் நரம்பு, மூளைத் தண்டு எல்லாவற்றுக்கும் தனித்தனி எல்லை உண்டு. வழமையான அளவு மொத்தம் 60 கிரே (கிரே என்பது கதிரை அளக்கும் அலகு), 30 தடவை, திங்கள் முதல் வெள்ளி வரை ஆறு கிழமை. குளிசையை அந்த நாட்களில் சனி, ஞாயிறு உட்படத் தினமும் வெறும் வயிற்றில், வாந்திக் குளிசை போட்ட பிறகு, உடைக்காமல் முழுதாக விழுங்க வேண்டும். பிறகு ஒரு மாத இடைவெளி, அதன்பின் 28 நாளுக்கு ஐந்து நாள் என்று ஆறு சுற்று. இடையிடையே இரத்தம் பார்ப்பார்கள். மருந்து கையிருப்பில் இருக்கிறதா என்று தொடங்கும் முன்பே கேளுங்கள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எந்த மருந்தையும் ‘எப்படியும் இருக்கும்’ என்று நாங்கள் நினைப்பதில்லை.

ஒரு மருந்தைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்லப் போகிறேன், ஏனென்றால் இதைப் பற்றி யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை. டெக்ஸாமெதசோன். மூளை வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டெரொயிட். வேலை செய்யும்போது அற்புதம்: நேற்று எழும்பாதவர் இன்று பேப்பர் வாசிப்பார். அதனாலேயே வீட்டார் அதை விட மனமில்லாமல் தொடர்ந்து கொடுப்பார்கள். சீனி வருத்தம் இல்லாதவருக்கும் இரத்தத்தில் சீனி ஏறும், இருப்பவருக்கு எகிறும். இரவில் போட்டால் நித்திரை வராது, ஆகவே காலையிலும் மதியத்திலும் சாப்பாட்டோடு. சில கிழமை போனபின் தொடைத் தசை மெலியும். கதிரையிலிருந்து கையை ஊன்றாமல் எழும்ப முடியாது, படியேற முடியாது. "கட்டி திரும்பவும் வந்திட்டுது டொக்டர், கால் இரண்டும் விழுந்திட்டுது" என்று அழுதுகொண்டு வருவார்கள். கட்டியினால் வரும் பலவீனம் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் வரும். இரண்டு தொடையும் ஒன்றாகச் சோர்ந்தால் முதலில் இந்தக் குளிசையைத்தான் சந்தேகிப்பேன். அளவைக் குறைத்தால் மெல்ல மெல்லத் திரும்பி வரும். ஆனால் நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடக் கூடாது, அது ஆபத்து. ஒவ்வொரு கிளினிக்கிலும் "இதைக் குறைக்கலாமா" என்று கேளுங்கள். வலிப்புக் குளிசை வேறு கதை. லெவெடிரசெட்டாம் கொடுத்திருந்தால், அமைதியான மனிதர் எரிந்து விழத் தொடங்கலாம். அது அவருடைய குணம் என்று நினைத்து மனம் நோகாதீர்கள், டொக்டரிடம் சொல்லுங்கள், மாற்று மருந்து உண்டு.

இனிச் சந்தேகமான பக்கம். கதிர் முடிந்து எடுக்கும் முதல் எம்ஆர்ஐயில் கட்டி பெருத்த மாதிரித் தெரியலாம். சிலருக்கு அது கட்டியே இல்லை, சிகிச்சை தாக்கிய இடத்தில் வரும் வீக்கம். முதல் மூன்று மாதத்துக்குள் இது அதிகம், எம்ஜிஎம்டி மெதிலேஷன் இருப்பவர்களில் இன்னும் அதிகம். அந்த ஒரு படத்தை வைத்து எது என்று நிச்சயமாகச் சொல்ல எங்களாலும் முடிவதில்லை. ஆள் நன்றாக இருந்தால் சிகிச்சையைத் தொடர்ந்துகொண்டே ஒன்றிரண்டு மாதம் கழித்து மீண்டும் எடுத்துப் பார்ப்போம். படத்தைப் பார்த்த உடனே "மருந்து வேலை செய்யவில்லை" என்று யாராவது நிறுத்தச் சொன்னால், இந்தச் சாத்தியத்தை யோசித்தீர்களா என்று கேளுங்கள்.

புது மருந்துகளைப் பற்றி மாமா அனுப்பிய செய்திகளுக்கு ஒரு வார்த்தை. 2005க்குப் பிறகு இந்தக் கட்டிக்கு எதிராகப் பெரிய பெரிய ஆய்வுகள் நடந்தன. பெவசிஸுமாப் வீக்கத்தைக் குறைக்கிறது, ஆனால் 2014இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளிலும் ஆயுளைக் கூட்டவில்லை. நுரையீரல் புற்றுநோயை மாற்றிப்போட்ட நிவொலுமாப் இங்கே தோற்றது. காரணங்கள் ஓரளவு தெரியும்: இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையில் உள்ள தடுப்புச் சுவர் பல மருந்துகளை உள்ளே விடுவதில்லை, படத்தில் தெரியும் எல்லையைத் தாண்டிக் கட்டியின் செல்கள் நல்ல மூளைக்குள் ஏற்கெனவே ஊர்ந்திருக்கும், ஒரே கட்டிக்குள் பலவிதமான செல்கள், ஒன்றுக்கு அடிபட்டால் மற்றது வளரும். தலையில் மின் பட்டைகளை ஒட்டிக்கொள்ளும் கருவி ஒன்று பெரிய ஆய்வில் நடுப்புள்ளியை 16இலிருந்து 20.9 மாதமாக்கியது, ஆனால் ஒப்பீட்டுக்குப் போலிக் கருவி வைக்காததால் துறைக்குள் இன்றும் வாதம் இருக்கிறது, விலையும் எங்களுக்கு எட்டாதது. 2024இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வொராசிடெனிப் நல்ல செய்திதான், ஆனால் அது ஐடிஹெச் மாற்றம் உள்ள தரம் 2 கட்டிகளுக்கு. அப்பாவின் கட்டி அதுவல்ல. நோயாளியின் சொந்த எதிர்ப்புச் செல்களை மாற்றித் திரும்ப ஏற்றும் கார்-டி செல் சிகிச்சையில் சில நாட்களில் கட்டி சுருங்கிய படங்கள் உலகெங்கும் பகிரப்பட்டன. ஒரு சில நோயாளிகள், பெரும்பாலும் நிலைக்கவில்லை. எனக்கு அதில் நம்பிக்கை உண்டு, ஆனால் இன்று உங்கள் அப்பாவுக்காகக் காணியை விற்று வாங்கக்கூடிய பொருள் அங்கே இல்லை.

ஆகவே சென்னை. முதற்கட்டச் சிகிச்சை சென்னையிலும் லண்டனிலும் மஹரகமவிலும் ஒன்றுதான்: அதே 60 கிரே, அதே குளிசை. புரோட்டன் என்ற வேறு வகைக் கதிரைக் கொடுக்கும் மெஷின் சென்னையில் உண்டு. குழந்தைகளின் சில மூளைக் கட்டிகளுக்கு அதில் தெளிவான அர்த்தம் இருக்கிறது, கிளையோபிளாஸ்டோமாவுக்கு அது வழமையான சிகிச்சை ஆகவில்லை. போக நியாயமான காரணங்கள் உண்டு: எடுக்காமல் விட்ட கட்டி நிறைய இருக்கிறது, அங்கே ஒரு நியூரோ சத்திரசிகிச்சை நிபுணர் படத்தைப் பார்த்துவிட்டு மேலும் பாதுகாப்பாக எடுக்கலாம் என்கிறார், அல்லது இங்கே கதிருக்கான முறை ஆறு கிழமையைத் தாண்டிப் போகிறது. மற்றப்படி ஆறு கிழமை வாடகை அறை, தெரியாத ஊர், அப்பா தன் பேரப்பிள்ளைகளைப் பார்க்காத நாட்கள் — அதையும் கணக்கில் போடுங்கள். முதலில் டிஸ்க்கையும் ரிப்போர்ட்டையும் மட்டும் அனுப்பி அபிப்பிராயம் கேளுங்கள். ஆளைக் கொண்டுபோவதானால், ஒப்பரேஷன் முடிந்து இவ்வளவு நாளில் விமானம் ஏறலாமா என்று சத்திரசிகிச்சை நிபுணரிடம் கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள். சொந்த ஊர் யாழ்ப்பாணம் என்று எழுதியிருந்தீர்கள், ஆகவே பிந்திய கீமோ சுற்றுகளையும் இரத்தப் பரிசோதனைகளையும் அங்கே தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் தொடர முடியுமா என்றும் விசாரியுங்கள். பயணம் குறைந்தால் அவர் களைப்பும் குறையும்.

கைத்தொலைபேசியால் வந்ததா என்று அம்மா கேட்கிறார் என்றீர்கள். 2011இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு அதைப் புற்றுநோயின் ‘சாத்தியமான’ காரணிகளின் பட்டியலில் போட்டது. 2024இல் உலக சுகாதார நிறுவனம் செய்வித்த பெரிய மீளாய்வில் தொடர்பு தெரியவில்லை. அப்பா எதையும் செய்து இதை வரவழைக்கவில்லை, உங்களுக்கும் பரம்பரையாக வரும் என்று பயப்படத் தேவையில்லை, அப்படி வருவது மிக அரிது. கட்டு அனோதா (முள்சீத்தா) இலை அவித்த தண்ணீர் கொடுக்கலாமா என்பதைப் பற்றி: இந்த நோயில் அது உதவியதற்கு ஆதாரம் இல்லை. கீமோ எடுக்கும் மாதங்களில் வேண்டாம் என்பேன், கல்லீரல் பரிசோதனை குழம்பினால் எதனால் என்று பிரித்தறிய முடியாமல் நல்ல மருந்தை நிறுத்த வேண்டிவரும்.

இனி நீங்கள் உண்மையில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கதிர் தொடங்கும் நாளிலிருந்து பொறுப்பாளர் உங்கள் ஒன்கொலொஜிஸ்ட். ஆனால் நாலு பேருக்கும் இடையில் தகவலைக் கொண்டு ஓடுவது இங்கே குடும்பம்தான், அது நியாயமில்லை என்றாலும் நிலைமை அப்படி. ஒரே ஃபைல், அதில் ஒப்பரேஷன் குறிப்பு, பெதொலொஜி, எல்லா ஸ்கேன் டிஸ்க்கும், இன்றைய மருந்துகளின் பெயரும் அளவும். வலி நிவாரணப் பிரிவின் பெயர் கேட்டுப் பயப்படாதீர்கள், அவர்களைத் தொடக்கத்திலேயே சந்திப்பது நல்லது, தலையிடி, மலச்சிக்கல், நித்திரை எல்லாவற்றையும் எங்களைவிட நன்றாகப் பார்ப்பார்கள். அப்புறம், கட்டி இருந்தது பேச்சுப் பக்கம் என்பதால், அப்பாவிடம் கேட்க வேண்டியதை இப்போதே கேளுங்கள். வங்கிக் கையெழுத்து, காணி உறுதி மட்டுமல்ல, நோய் முற்றினால் எங்கே இருக்க விரும்புகிறார், குழாய் போடுவதைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதையும். "இப்பவே ஏன் இதைக் கதைக்கிறது" என்று அம்மா தடுப்பார். அப்பா பெரும்பாலும் தடுக்க மாட்டார், நோயாளிகள் இதைப் பற்றி ஏற்கெனவே யோசித்திருப்பார்கள்.

கிளினிக் நாள் வரை காத்திருக்கக் கூடாதவை சில. கீமோ காலத்தில் காய்ச்சல் 38க்கு மேல் போனால் பனடோல் போட்டுவிட்டு விடியும்வரை பார்க்க வேண்டாம், அன்றே ஆஸ்பத்திரி. ஒரு கால் மட்டும் வீங்கி நோவெடுத்தால் அல்லது திடீரென்று மூச்சுத் திணறினால் இரத்தக்கட்டாக இருக்கலாம், இந்த நோயில் அது அடிக்கடி வரும். வலிப்பு வந்தால் பக்கவாட்டில் படுக்க வையுங்கள், வாய்க்குள் கரண்டி, சாவி எதையும் திணிக்காதீர்கள், நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ், காசு கேட்க மாட்டார்கள்.